விளக்கை அணைத்தால் வெகுமதி! யாருக்கு?

சரக்கு விற்கிறவன் வாடிக்கைக்காரனைக் கூப்பிட்டு, "இன்று சாயங்காலம் என் சரக்கை வாங்காதே; வாங்காமல் இருந்தால் உனக்குக் காசு தருகிறேன்" என்று சொல்லி நாம் கேட்டதுண்டா? பிரிட்டனில் மின்சாரக் கம்பெனிகள் அப்படித்தான் சொல்லின. 2022-ம் வருஷம் நவம்பரில் அங்கே ஒரு திட்டம் ஆரம்பமாயிற்று. குளிர்கால மாலைகளில், குறிப்பிட்ட நாளில், குறிப்பிட்ட நேரத்தில் மின்சாரத்தைக் குறைத்துக்கொள்ளும் வீடுகளுக்கு வெகுமதி. குறைக்கும் ஒவ்வொரு யூனிட்டுக்கும் மூன்று பவுண்டு என்று விலை வைத்தார்கள். அன்றைய மதிப்பில் அது நம் பணத்தில் ஏறக்குறைய 300 ரூபாய். அதே யூனிட்டை அந்த வீடு உபயோகித்திருந்தால் கட்ட வேண்டிய விலை சுமார் 34 பென்ஸ், அதாவது பவுண்டில் மூன்றில் ஒரு பங்கு.

உபயோகித்த மின்சாரத்துக்கு ஒரு விலை. உபயோகிக்காத மின்சாரத்துக்கு அதைப்போல ஒன்பது மடங்கு விலை! இது என்ன கூத்து என்று ஆலைத் தொழிலாளியும் விவசாயத் தொழிலாளியும் கேட்பது நியாயமே. ஆனால் இது வெறும் கூத்தல்ல. இதற்குப் பின்னால் ஒரு உண்மையான பிரச்னையும் இருக்கிறது, ஒரு பெரிய அநீதியும் இருக்கிறது. இரண்டையும் பிரித்துப் பார்க்க வேண்டும். ஏனென்றால், மாலை நேர மின்சாரத்தைப் பற்றிய இதே கணக்கு வேறு வேஷத்தில் நம் வீட்டு வாசலுக்கும் வந்துகொண்டிருக்கிறது.

பிரச்னை என்ன?

மின்சாரத்தை நெல்லைப்போலக் குதிரில் கொட்டி வைக்க முடியாது. பெருமளவில் சேமித்து வைப்பதற்குப் பெரிய அணைகளோ பாட்டரிகளோ வேண்டும். பொதுவில், எந்த நிமிஷத்தில் எவ்வளவு தேவையோ, அந்த நிமிஷத்தில் அவ்வளவு உற்பத்தி செய்தாக வேண்டும். நடுப்பகலில் ஒரு அளவு தேவை. நடுநிசியில் அதைவிடக் குறைவு. மாலையில் வேலை முடிந்து எல்லோரும் வீடு திரும்புகிறார்கள். விளக்கு, அடுப்பு, கணப்பு எல்லாம் ஒரே சமயத்தில் எரிகின்றன. ஷிப்ட் விடும் நேரத்தில் ஒரே பஸ்ஸில் அத்தனை பேரும் ஏற முண்டுவது போன்ற நெரிசல் அது. மின்வாரியக்காரர்கள் அதை உச்ச நேரம் என்பார்கள்; மில்லில் நாம் 'பீக் அவர்' என்போம்.

அந்த இரண்டு மூன்று மணி நேரத்துக்காக மற்ற நேரமெல்லாம் சும்மா நிற்கும் மின் நிலையங்களையும் வைத்திருக்க வேண்டியிருக்கிறது. செலவு அதிகமான நிலையங்கள்தான் கடைசியில் ஓடுகின்றன. அவை கேட்ட விலையைக் கொடுத்தாக வேண்டும். 2022 ஜூலை 20-ந் தேதி லண்டன் பகுதியில் நெருக்கடி ஏற்பட்டபோது, பெல்ஜியத்திலிருந்து சிறிது நேரத்துக்கு வாங்கிய கொஞ்சம் மின்சாரத்துக்கு யூனிட் ஒன்றுக்கு ஒன்பது பவுண்டுக்கு மேல் கொடுத்தார்கள். அப்படியிருக்க, மூன்று பவுண்டு கொடுத்து ஜனங்களை அணைக்கச் சொல்வது கம்பெனிக் கணக்கில் லாபம்தானே!

ஆகவே உச்ச நேரத்தில் மின்சாரத்தைக் குறைப்பது நல்ல காரியம் என்பதை நாம் மறுக்கவில்லை. நிலக்கரியும் எரிவாயுவும் மிச்சமாகும். புகை குறையும். மின்வெட்டைத் தவிர்க்கலாம். துணி துவைக்கும் யந்திரத்தை மாலை ஐந்துக்குப் பதிலாக இரவு எட்டுக்கு ஓட்டினால் யாருக்கும் குடி முழுகிப் போகாது. இதைச் செய்த பிரிட்டிஷ் குடும்பங்களை நாம் கேலி செய்யவில்லை. நாட்டுக்கு நெருக்கடி என்று சொன்னதும் சாதாரண ஜனங்கள் முன்வந்தார்கள். அந்தக் குளிர்காலத்தில் 16 லட்சம் வீடுகளும் தொழிலகங்களும் இதில் கலந்துகொண்டன. 2023 ஜனவரி 23-ந் தேதி மாலை ஐந்திலிருந்து ஆறுவரை, சோதனைக்காக அல்லாமல் மெய்யான தேவைக்காகவே முதல் தடவையாக இது அமலாயிற்று. மறுநாளும் நடந்தது.

நமது கேள்வி வேறு. வெகுமதி யாருக்குப் போயிற்று? நெருக்கடியை உண்டாக்கியவர்கள் என்ன விலை கொடுத்தார்கள்?

அணைப்பதற்கு உள்ளவனுக்கே வெகுமதி

வெகுமதியை எப்படி அளந்தார்கள் என்று பாருங்கள். அரைமணிக்கு ஒரு தடவை கணக்கெடுக்கும் ஸ்மார்ட் மீட்டர் வீட்டில் இருக்க வேண்டும். முந்திய நாட்களில் அதே நேரத்தில் அந்த வீடு எவ்வளவு செலவழித்தது என்று பார்ப்பார்கள். குறிப்பிட்ட நாளில் அதைவிட எவ்வளவு குறைந்ததோ அந்த அளவுக்குத்தான் காசு.

உதாரணத்துக்கு இரண்டு வீடுகளை எடுத்துக்கொள்வோம். முதல் வீட்டில் மின்சார அடுப்பு, பாத்திரம் கழுவும் யந்திரம், துணி உலர்த்தும் யந்திரம், மின்சார மோட்டார் கார் எல்லாம் உண்டு. மாலை ஒரு மணி நேரத்தில் ஐந்து யூனிட் செலவாகும். அன்று ஒரு யூனிட்டோடு நிறுத்திக்கொண்டார்கள். நாலு யூனிட்டுக்கு வெகுமதி. இரண்டாவது வீட்டில் ஒரு கிழவி. விலைவாசிக்குப் பயந்து ஏற்கனவே கணப்பை அணைத்துவிட்டு, கம்பளியைப் போர்த்திக்கொண்டு, ஒரே விளக்கில் உட்கார்ந்திருக்கிறாள். அவள் செலவே கால் யூனிட். இன்னும் எதை அணைப்பாள்? அவளுக்கு வெகுமதி பூஜ்யம்.

நாட்டுக்கு அதிகமாக மிச்சப்படுத்திக் கொடுத்தது யார்? தினந்தோறும் மிச்சப்படுத்தியவள் அந்தக் கிழவி. ஒருநாள் மட்டும் மிச்சப்படுத்தியவர் முதல் வீட்டுக்காரர். ஆனால் திட்டத்தின் தராசில் கிழவியின் சிக்கனத்துக்கு எடையே கிடையாது. ஊதாரித்தனத்தில் ஒரு பகுதியைக் குறைத்தால் அது சேவை. ஏழ்மையினால் குறைத்தால் அது கணக்கிலேயே வராது!

இது கற்பனை வாதமல்ல. அதே பிரிட்டனில் முன்பணம் போட்டால்தான் மின்சாரமோ எரிவாயுவோ வரும் என்ற மீட்டர்கள் உண்டு. ஏழைகள் வீட்டில்தான் அவை அதிகம். காசு தீர்ந்தால் விளக்குத் தானாக அணைந்துவிடும். 2022-ம் வருஷத்தில் இப்படிக் காசு தீர்ந்து துண்டிக்கப்பட்டவர்கள் 32 லட்சம் பேர் என்று 'சிட்டிஸன்ஸ் அட்வைஸ்' என்ற பொதுநல ஸ்தாபனம் மதிப்பிட்டது. பத்து வினாடிக்கு ஒருவர்! பில் பாக்கி வைத்தவர்களின் வீட்டுக்குள் கோர்ட்டு உத்தரவோடு நுழைந்து இந்த மீட்டர்களைப் பலவந்தமாகப் பொருத்தினார்கள். நாடெங்கும் கூக்குரல் எழுந்த பிறகுதான், 2023 பிப்ரவரியில், பலவந்தமாகப் பொருத்துவதை நிறுத்தும்படி கம்பெனிகளுக்குச் சொல்லப்பட்டது.

ஒரே நெருக்கடிக் காலம், ஒரே தேசம். 16 லட்சம் இடங்களில் அணைத்ததற்கு வெகுமதி. 32 லட்சம் பேருக்கு அணைந்ததற்கு ஒரு சல்லிக்காசு கிடையாது. இருட்டு ஒன்றுதான். விலை மட்டும் இரண்டு.

வெகுமதியின் கணக்கு

சரி, வெகுமதி பெற்றவர்களாவது பெரிதாகச் சம்பாதித்தார்களா? அதையும் பார்ப்போம். அந்தக் குளிர்காலம் முழுவதும் 22 தடவை இந்தத் திட்டம் அமலாயிற்று. மொத்தம் மிச்சமான மின்சாரம் ஏறத்தாழ 33 லட்சம் யூனிட். கலந்துகொண்டது 16 லட்சம் இடங்கள். வகுத்துப் பாருங்கள்: குளிர்காலம் முழுவதற்கும் சராசரி இரண்டு யூனிட்! மூன்று பவுண்டு வீதம் ஆறு பவுண்டு. அதுவும் மின்தொடர் நிர்வாகம் கம்பெனிகளுக்குக் கொடுத்த விலை. அதில் வீட்டுக்காரர் கைக்கு எவ்வளவு வந்தது என்பது கம்பெனிக்குக் கம்பெனி வித்தியாசம்.

இந்த ஆறு பவுண்டை மற்றொரு கணக்கோடு ஒப்பிடுங்கள். 2021 அக்டோபரில் ஒரு நடுத்தர வீட்டின் வருஷாந்தர மின்சார, எரிவாயுச் செலவுக்கு விதித்த உச்சவரம்பு 1,277 பவுண்டு. 2022 அக்டோபரில் அது 3,549 பவுண்டு ஆகியிருக்க வேண்டும். சர்க்கார் பொக்கிஷத்திலிருந்து கம்பெனிகளுக்கு ஈடு கொடுத்து, 2,500 பவுண்டில் நிறுத்தினார்கள். வீடுகளுக்கு 400 பவுண்டு தள்ளுபடியும் கொடுத்தார்கள். அப்படியும் ஒரே வருஷத்தில் பாரம் ஒன்றரை மடங்குக்கு மேல். உக்ரைன் யுத்தத்தால் எரிவாயு விலை ஏறியது உண்மை. ஆனால் யுத்தத்தின் பாரம் எல்லோர் தோளிலும் சமமாக ஏறியதா? அதே 2022-ம் வருஷத்தில் ஷெல் எண்ணெய்க் கம்பெனி உலகெங்கும் அடித்த லாபம் ஏறத்தாழ 4,000 கோடி டாலர். அதன் சரித்திரத்திலேயே அதுவரை காணாத லாபம்!

ஆயிரத்தைப் பிடுங்கிக்கொண்டு ஆறைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, "பார், உனக்கு வெகுமதி" என்பதற்குப் பெயர் என்ன?

அந்த ஆறும் நிலைக்கவில்லை. 2024 நவம்பரிலிருந்து மூன்று பவுண்டு என்ற உத்தரவாத விலை எடுக்கப்பட்டுவிட்டது. மற்ற வழிகளைவிட மலிவாக இருந்தால்தான் ஜனங்களின் சிக்கனத்தை வாங்குவோம் என்று சந்தைக் கணக்குக்கு மாற்றிவிட்டார்கள். தேவைப்படும்போது வெகுமதி, பழகிய பிறகு பேரம்!

கட்டியவர்கள் யார்?

உச்ச நேர நெரிசல் 2022-ல் திடீரென்று பிறந்ததல்ல. மின்சாரம் பிறந்த நாளிலிருந்து அது உண்டு. முன்பு அதை எப்படிச் சமாளித்தார்கள்? பிரிட்டனில் 1948 ஏப்ரல் 1-ந் தேதி மின்சாரத் தொழில் தேசவுடைமை ஆயிற்று. அந்தப் பொதுத்துறை மின்சார வாரியம் வேல்ஸ் மலையைக் குடைந்து டினார்விக் என்ற நீரேற்று மின் நிலையத்தைக் கட்டியது. 1984-ல் அது திறக்கப்பட்டது. இரவில், மின்சாரம் மிஞ்சும்போது, கீழ் ஏரித் தண்ணீரை மேல் ஏரிக்கு ஏற்றுவார்கள். மாலை நெரிசலில் அதே தண்ணீரைத் திறந்துவிட்டு மின்சாரம் எடுப்பார்கள். ஏற்றி இறக்குவதில் சுமார் நாலில் ஒரு பங்கு நஷ்டம் உண்டு. ஆனாலும் மேல் ஏரி ஒரு தடவை நிறைந்தால் கிடைப்பது ஏறத்தாழ 90 லட்சம் யூனிட். 16 லட்சம் இடங்களில் ஒரு குளிர்காலம் முழுவதும் அணைத்து மிச்சமானது 33 லட்சம்!

பிறகு என்ன நடந்தது? 1989-ல் சட்டம் போட்டு, 1990 முதல் மின்சாரத் தொழிலைத் துண்டு துண்டாக்கித் தனியாருக்கு விற்றார்கள். இனிப் போட்டியினால் விலை குறையும், சர்க்கார் தலையிட வேண்டாம் என்றார்கள். அந்தப் போட்டியின் முடிவு, மாலையில் சுவிட்சை அணையுங்கள் என்று வீடு வீடாகக் கெஞ்சுவதில் வந்து நின்றது. 2024 அக்டோபர் 1-ந் தேதி, தேசம் முழுவதுக்கும் மின்சாரத் தேவையைக் கணக்கிட்டு நடத்தும் அந்த நிர்வாகத்தைப் பிரிட்டிஷ் சர்க்காரே தனியார் கம்பெனியிடமிருந்து விலைக்கு வாங்கிப் பொதுவுடைமை ஆக்கியது. விற்றவர்களே திரும்ப வாங்க வேண்டியதாயிற்று. இதைவிட வேறு சாட்சி வேண்டுமா?

அங்கே வெகுமதி, இங்கே அபராதம்

"சீமைக் கதை நமக்கெதற்கு?" என்று சில தோழர்கள் நினைக்கலாம். அந்தக் கதை கடல் தாண்டி வந்துவிட்டது.

2023 ஜூனில் மத்திய சர்க்கார் மின் நுகர்வோர் உரிமை விதிகளைத் திருத்தியது. சூரிய மின்சாரம் கிடைக்கும் பகல் நேரத்தில் கட்டணம் குறைந்தது 20 சதவிகிதம் மலிவாக இருக்க வேண்டும். உச்ச நேரத்தில் தொழில், வர்த்தக இணைப்புகளுக்குக் குறைந்தது 20 சதவிகிதம், மற்றவர்களுக்குக் குறைந்தது 10 சதவிகிதம் கூடுதலாக இருக்க வேண்டும். பத்து கிலோவாட்டுக்கு மேற்பட்ட தொழில், வர்த்தக இணைப்புகளுக்கு 2024 ஏப்ரல் முதல். விவசாயம் தவிர்த்து மற்ற எல்லோருக்கும் 2025 ஏப்ரலுக்குள். ஸ்மார்ட் மீட்டர் பொருத்திய வீட்டுக்கு உடனடியாக. இதுதான் விதி.

வித்தியாசத்தைக் கவனியுங்கள். பிரிட்டனில் மாலையில் அணைத்தவனுக்கு ஆறு பவுண்டாவது கிடைத்தது. அணைக்காதவனுக்கு அபராதம் இல்லை. நமது விதியில் பகல் சலுகை உண்டு. மாலைக்கு அபராதமும் உண்டு. பகலில் வீட்டில் இருந்து மின்சாரம் செலவழிப்பவர் யார்? பகல் முழுவதும் குளிர்சாதனம் ஓடும் வீட்டுக்காரர். நாற்று நடப் போனவளும், ரிங் பிரேமில் நின்றவனும் வீட்டுக்கு வருவதே ஆறு மணிக்கு மேல். அவர்களுடைய விளக்கு, விசிறி, மிக்ஸி, குழந்தையின் படிப்பு எல்லாமே உச்ச நேரத்தில்தான். அதை நடுப்பகலுக்குத் தள்ளிவைக்க முடியுமா? மாலைச் சமையலையும் மாவு அரைப்பதையும் இரவு பத்து மணிக்குத் தள்ளினால், தூக்கத்தை இழப்பவர்கள் நம் வீட்டுப் பெண்கள் அல்லவா?

ஆலையிலும் இதே கதைதான். தமிழ்நாட்டில் 2022 செப்டம்பர் கட்டண உத்தரவு, உயர் அழுத்த மின்சாரம் வாங்கும் ஆலைகளுக்கு உச்ச நேரக் கூடுதல் கட்டணத்தை 25 சதவிகிதமாக உயர்த்தியது. இரவில் ஐந்து சதவிகிதச் சலுகை. முதலாளி என்ன யோசிப்பார்? யந்திரத்தை இரவுக்குத் தள்ளு என்பார். கண் விழிப்பது தொழிலாளி. மின்சாரத்தில் மிச்சமான பணத்தில் அவனுக்கு ஒரு பங்கு உண்டா? இந்தக் கேள்வியை ஒவ்வொரு ஆலைச் சங்கமும் எழுப்ப வேண்டும்.

இன்னொன்றையும் நினைவூட்டுகிறோம். 2008 முதல் சில வருஷங்கள் தமிழ்நாடு மின்வெட்டில் தவித்தது. 2012-ல் சென்னைக்கு வெளியே பல மாவட்டங்களில் நாளொன்றுக்குப் பத்து மணி நேரத்துக்கு மேல் மின்சாரம் இல்லை. கோயமுத்தூர், திருப்பூர் வட்டாரத்தில் பட்டறைகள் நின்றன, ஷிப்ட் போயிற்று, கூலி போயிற்று. பம்ப் செட்டுக்கு மும்முனை மின்சாரம் எந்த நேரம் வரும் என்று விவசாயத் தொழிலாளி நடுநிசியில் வரப்பில் காத்துக் கிடந்தான். அதுவும் மின்சாரத்தைக் குறைத்ததுதானே! யூனிட்டுக்கு 300 ரூபாய் யார் கொடுத்தார்கள்? முப்பது காசுகூட யாரும் கொடுக்கவில்லை. ஏழை அணைத்தால் அது தலைவிதி. வசதியுள்ளவன் அணைத்தால் அது திட்டம்!

நாம் என்ன கேட்க வேண்டும்?

சிக்கனத்தை எதிர்ப்பது நமது வேலையல்ல. வெய்யிலில் பகலெல்லாம் சூரிய மின்சாரம் மிஞ்சுகிறது. சூரியன் சாய்ந்ததும் தட்டுப்பாடு வருகிறது. இது மெய்யான பிரச்னை. இதைத் தீர்க்க ஒழுங்கு வேண்டும், திட்டம் வேண்டும். ஆனால் ஒழுங்கு மேலேயிருந்து ஆரம்பமாக வேண்டும். ஆகவே நாம் கோருகிறோம்:

முதலாவது, குறைவாக மின்சாரம் உபயோகிக்கும் வீடுகளுக்கு உச்ச நேரக் கூடுதல் கட்டணம் கூடவே கூடாது. 2016 முதல் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசமாக இருந்துவரும் சலுகைக்கும் இதன் பேரால் பங்கம் வரக்கூடாது.

இரண்டாவது, வெகுமதி கொடுப்பதானால், நேற்றைவிட எவ்வளவு குறைத்தாய் என்று மட்டும் அளக்கக் கூடாது. எப்போதுமே குறைவாகச் செலவழிக்கிற வீட்டுக்கும் அதில் பங்கு வேண்டும்.

மூன்றாவது, மாலை நேரக் குறைப்பைப் பெரிய அங்காடிகளிலும், விளம்பர விளக்குகளிலும், குளிர்சாதன மாளிகைகளிலும் தொடங்க வேண்டும். குடிசையில் தொடங்கக் கூடாது.

நான்காவது, மீட்டரின் விலையை நம் தலையில் கட்டக் கூடாது. காசு தீர்ந்தால் தானாக அணையும் மீட்டர் எந்த ஏழை வீட்டுக்கும் வேண்டாம். பிரிட்டனின் 32 லட்சம் பேரின் அனுபவம் போதும்.

ஐந்தாவது, உச்ச நேரத்துக்காக ஆலையில் ஷிப்டை மாற்றினால் தொழிற்சங்கத்தின் சம்மதத்தோடு மாற்ற வேண்டும். மிச்சமாகும் தொகையில் இரவு வேலைக்குக் கூடுதல் படி கொடுக்க வேண்டும்.

ஆறாவது, நெரிசலைத் தீர்க்கும் சேமிப்பு நிலையங்களைப் பொதுத்துறையே கட்ட வேண்டும். இது நமக்குப் புதிதல்ல. கோவை மாவட்டத்துக் காடம்பாறையில் 400 மெகாவாட் நீரேற்று மின் நிலையம் 1980-களிலேயே நம் மின்வாரியத்தால் கட்டப்பட்டது. மலையைக் குடைந்தவன் தொழிலாளி. பணம் கொடுத்தது பொதுமக்கள். அந்தப் பாதையில் இன்னும் போக வேண்டும். அவற்றைக் கட்டிய பிறகு தனியார் கையில் தூக்கிக் கொடுக்கக் கூடாது.

தோழர்களே! மின் கட்டணத்தை மாற்றும்போது ஒழுங்குமுறை ஆணையம் பொதுஜன அபிப்பிராயத்தையும் ஆட்சேபணையையும் கேட்டுப் பரிசீலிக்க வேண்டும் என்பது 2003-ம் வருஷத்து மின்சாரச் சட்டம். அந்த விசாரணைக்கு ஆலை முதலாளிகள் வக்கீலோடு போகிறார்கள். நாமும் போவோம். சங்கக் கூட்டத்தில் இந்தக் கோரிக்கைகளை வாசியுங்கள். கிராமத்தில் மின் கட்டண அட்டையை எடுத்து வைத்துக்கொண்டு, எந்த நேரத்துக்கு எத்தனை யூனிட் என்று வீட்டுப் பெண்களோடு கணக்குப் போடுங்கள். அந்தக் கணக்கைக் கையெழுத்திட்டு ஆணையத்துக்கு அனுப்புங்கள்.

ஊருக்கு மின்சாரம் குறைந்தால் நாமும் ஒரு விளக்கை அணைப்போம். ஆனால் மாளிகையில் நூறு விளக்கு எரிய, குடிசையின் ஒற்றை விளக்குக்கு அபராதம் என்றால், அதை ஏற்க மாட்டோம்.